முகப்பெழுத்தும் ஒரு பழைய லையும்

1

எந்த எழுத்தில் போடுவது என்ற கேள்வி முதலில் எனக்கு அற்பமான கேள்வியாகத்தான் பட்டது. முத்தாபுதுப்பேட்டை வீட்டின் முன்னறையில் தம்பி மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “பெரியப்பா, பேனருக்கு என்ன ஃபாண்ட்?” என்று கேட்டாள். பேனர் என்றால் எனக்குத் தெருதான் ஞாபகத்துக்கு வரும். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை. இணையதளத்தின் உச்சியில் பெயர் தாங்கி நிற்கும் பட்டைக்கும் அதே பெயர்தான் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. நாங்கள் அதை முகப்பெழுத்து என்போம். பத்திரிகையின் முகம் அது.

1977-ல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். எட்டு இதழ்கள் வந்தன. நின்றுபோனதற்கான காரணங்கள் எல்லாச் சிறுபத்திரிகைகளுக்கும் பொதுவானவை. அவற்றைத் திரும்பச் சொல்லி வாசகனைச் சோதிக்க வேண்டியதில்லை. அந்த எட்டு இதழ்களையும் வலையேற்றிவிடலாம் என்று தம்பி மகள் தானாகவே முன்வந்தாள். பத்திரிகையின் பெயரும் இங்கே அவசியமில்லை. அதன் கடைசி எழுத்து லை என்பது மட்டும் போதும்.

முதல் இதழின் அட்டையை அவளிடம் காட்டினேன். அதில் இருப்பது பழைய லை. லகரத்தோடு ஒட்டிக்கொண்டு, யானைத் துதிக்கைபோல் மேலே எழும்பி வளையும் கோடு. அவள் பெயரைச் சரியாகத்தான் வாசித்தாள். ஆனால் முதல் எழுத்துகளை வாசித்து, கடைசி எழுத்தை யூகித்தாள். நான் கவனித்தேன். பிறகு விசைப்பலகையில் பெயரைத் தட்டினாள். திரையில் வந்தது புதிய லை. எழுத்துருவை மாற்றினாள்; தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது, உருண்டது. லை மட்டும் எல்லாவற்றிலும் புதியதாகவே நின்றது. இருபது எழுத்துரு தாண்டியதும், “இது எதிலேயுமே இல்லை பெரியப்பா” என்றாள்.

‘இல்லை’ என்ற சொல்லிலேயே அந்த எழுத்து ஒரு காலத்தில் இருந்தது. இந்தக் கட்டுரையில்கூட அதை நான் காட்ட முடியாது. இந்தப் பக்கத்தைக் கோக்கும் எழுத்துருவிலும் அது இல்லாததால், சொல்லால் வர்ணித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணால் ஒரு நொடியில் அறிய வேண்டிய ஒன்றை வர்ணனையால் சொல்ல நேர்வது எப்படிப்பட்ட இழப்பு என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான், அவளுடைய கேள்வி அற்பமானதல்ல என்பது எனக்கு உறைத்தது.

2

அச்சில் தமிழுக்கு எந்த எழுத்து பொருத்தம் என்ற கேள்வி, தமிழ் அச்சைப் போலவே பழையது. 1554-ல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகத்தில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழை ரோமன் லிபியில் அச்சிட்டார்கள். இன்று கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’. என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் மொழிபெயர்த்த 16 பக்கச் சிறுநூல். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சானது. அதன் கடைசிப் பக்கம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. அங்கே இரண்டு அச்செழுத்து மாதிரிகள் இருக்கின்றன: ஒன்று 1577-ல் கோவாவில் வார்த்தது, இன்னொன்று 1578-ல் கொல்லத்தில் வார்த்தது. முதல் புத்தகம் வெளிவருவதற்குள்ளேயே யாரோ ஒருவருக்கு முதல் எழுத்துரு போதவில்லை. ஓராண்டுக்குள் இன்னொன்று வார்க்கப்பட்டுவிட்டது. தமிழ் அச்சின் சரித்திரம் அதிருப்தியில் தொடங்குகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1679-ல் அம்பலக்காட்டில், புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி மரத்தில் செதுக்கிய எழுத்துகளால் அச்சானது. அடுத்த கட்டம் தரங்கம்பாடி. 1706-ல் வந்த சீகன்பால்கு அனுப்பிய மாதிரிகளை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். தமிழ் அறியாத கைகள் வார்த்த எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. அவை பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கித்தான் அந்தச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது.

1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரர்களின் அச்சியந்திரம் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் ஃபப்ரீஷியஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அகராதி 1779-ல் அங்கே அச்சானது. இந்தியர்கள் தடையில்லாமல் அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள வழிவிட்ட சட்டம் 1835-ல்தான் வந்தது. சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதி 1862-ல் வெளியாயிற்று. நாவலர் முதல் சாமிநாதையர் வரை நம்மவர்கள் அச்சேற்றிய பழந்தமிழ் நூல்கள் எல்லாம், இப்படித் திரண்ட ஈய எழுத்துகளில்தான் உலகத்தைப் பார்த்தன.

நான் இதையெல்லாம் சொல்வது பாதிரிமார்களைக் குறை கூற அல்ல. அவர்களைக் கொண்டாடவும் அல்ல. தமிழ் எழுத்தின் உருவத்தைத் தீர்மானித்தவை எவை என்று பார்க்கும்போது அழகு, இலக்கணம், மரபு என்ற பெரிய வார்த்தைகளைவிடக் காகித விலை, ஈயம், கப்பல், போர் என்ற ஸ்தூலமான சங்கதிகளே முன்னால் வந்து நிற்கின்றன. எழுத்துருவைத் ‘தூய அழகியல்’ பிரச்னையாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு உள்ள தகராறு இதுதான்.

இதே இடத்தில் இன்னொரு வழக்கமான கருத்தையும் தொட்டுவிட வேண்டும். ஓலையில் நேர்க்கோடு கிழித்தால் ஓலை பிளந்துவிடும், ஆகவே தென்னாட்டு எழுத்துகள் வட்டமாயின என்பார்கள். ஒரியாவையும் சிங்களத்தையும் பார்த்தால் சரியென்று தோன்றும். ஆனால் நூற்றாண்டுகளாக ஓலையில் எழுதப்பட்ட தமிழில் ட இருக்கிறது, ப இருக்கிறது, க-வின் கிடைக்கோடு இருக்கிறது. இவை எப்படித் தப்பின? எழுதுபொருள் எழுத்தைப் பாதிக்கிறது என்பது உண்மை. அது மட்டுமே எழுத்தை ஆக்குகிறது என்பது சோம்பேறித்தனமான உண்மை.

ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். எ, ஒ குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும் ஏட்டில் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் கிடந்தன. இன்று நாம் ஏ-யையும் ஓ-வையும் தனி உருவங்களால் அறிவது பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்பது வழிவழியாக வரும் செய்தி. இதை அன்று எதிர்த்தவர் யார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. மாற்றம் வென்றுவிட்டால் மாற்றம் நடந்ததே மறந்துபோகிறது.

3

எங்கள் முகப்பெழுத்துக்குத் திரும்புகிறேன். அதை நாங்கள் ஈய எழுத்தில் கோக்கவில்லை. சிறிய அச்சகங்களில் பெரிய அளவுத் தமிழ் எழுத்து இரண்டு மூன்று வகைதான் இருக்கும். அவையும் கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீசுக்கும் உழைத்து விளிம்பு மழுங்கிப்போனவை. உடலுக்குத்தான் அச்செழுத்து, முகத்துக்குக் கையெழுத்து. வாரப் பத்திரிகைகளின் கதைத் தலைப்புகளை ஓவியர்கள் எழுதினார்கள். சினிமாப் பட்டங்களை, சுவரொட்டிகளைத் தூரிகை எழுதியது. 1959-ல் வந்த ‘எழுத்து’, 1970-ல் வந்த ‘கசடதபற’ போன்ற பத்திரிகைகளுக்குப் பின்னால் வந்தவர்கள் நாங்கள். ஒரு பத்திரிகையின் பெயரை எழுதுவது அதன் முதல் விமர்சனக் காரியம் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது. கே. எம். ஆதிமூலம் (1938–2008) போன்ற ஓவியர்கள் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்து, தமிழ் எழுத்து இப்படியும் நிற்கலாமா என்று வியந்த தலைமுறை எங்களுடையது.

ஓவியரை அணுக எங்களுக்குத் தைரியமும் இல்லை, பணமும் இல்லை. ஆவடியில் கடைப் பலகை எழுதுகிற ஒருவரிடம் போனோம். அவருக்குப் பத்திரிகையின் பெயர் புரியவில்லை. “என்ன கடை?” என்று கேட்டார். கடை இல்லை என்றதும் சற்று நிதானித்து, “அப்போ கலர் வேண்டாம், கறுப்பே போதும்” என்றார். இன்றுவரை எங்கள் பத்திரிகையைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகச் சரியான அபிப்பிராயம் அதுவென்று நினைக்கிறேன். கார்ட்ரிட்ஜ் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஜிங்க் பிளாக் எடுத்து மரக்கட்டையில் அறைந்து எட்டு இதழுக்கும் அதையே வைத்தோம். அந்த லையின் துதிக்கை மற்ற எழுத்துகளின் தலைக்கு மேலே போய் வளைந்து, பெயருக்கு ஒரு கூரைபோல் நின்றது. அது அவருடைய கையின் தீர்மானம். எந்த அச்சுக் கேஸிலும் அப்படி ஒரு லை கிடையாது.

எனவே முகப்புக்கு ‘எழுத்துரு தேர்வு செய்வது’ என்பதே எங்களுக்குப் புதிய காரியம். நாங்கள் தேடியது எழுத்துருவை அல்ல, ஒரு கையை.

4

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935-ல் ‘குடி அரசு’ இதழில் கைக்கொண்ட மாற்றங்களில் ஒரு பகுதியை, அவருடைய நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. ஆகப் பதின்மூன்று எழுத்துகள். ஐ-க்கு அய், ஔ-வுக்கு அவ் என்ற பகுதியை ஆணை தொடவில்லை.

அப்போது நான் தினமும் ஆவடியிலிருந்து ரயிலேறிப் போய்ச் சென்னையில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். பதின்மூன்று என்று அரசாங்கம் எண்ணியதைக் கம்பாசிட்டர் ஏழு என்று எண்ணினார். ணொ, ணோ முதலிய ஆறும் தனி அச்சுகள் அல்ல. கொம்பை முன்னால் வைத்துப் பழைய ணா, றா, னா அச்சுகளைப் பின்னால் வைத்தால் அவை வந்துவிடும். ஆகவே மூன்று ஆகார அச்சும் நான்கு ஐகார அச்சும் சேர்ந்து ஏழு ஈயத் துண்டுகள். இந்த ஏழும் கேஸிலிருந்து போய்விட்டால் ஏழு அறை காலி. பெரியாரின் வாதத்தின் நடைமுறைப் பலத்தை எனக்குப் புரியவைத்தது எந்தக் கட்டுரையும் இல்லை, அந்த ஏழு காலி அறைகள்தான்.

ஆனால் காலி செய்வது உடனே நடக்கவில்லை. ஈயம் விலை கொடுத்து வாங்கியது. புதிய லை கோக்க ஐகாரக் குறி அதிகம் வேண்டும். இருக்கிற குறிகள் கை, தை, மை-க்கே தீர்ந்துபோகும். குறி தீர்ந்ததும் கம்பாசிட்டர் பழைய அச்சை எடுப்பார். ஒரே பக்கத்தில், சில சமயம் ஒரே வாக்கியத்தில், இரண்டு லைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நான் பழையதைச் சுழித்து ஓரத்தில் புதியதை எழுதுவேன். புரூப் உள்ளே போய் அப்படியே திரும்பி வரும். எங்கள் பத்திரிகையின் கடைசி மூன்று இதழ்களில் இந்தக் கலப்பு இருக்கிறது.

நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தத்தின் பக்கம். பழைய எழுத்துக்காக அன்று கண்ணீர் விட்டவர்களை எங்கள் ஏழாவது இதழில் கேலி செய்து அரைப்பக்கம் எழுதியவனே நான்தான். அந்த அரைப்பக்கத்தின் எதிரே, முகப்பில், பழைய லை பிளாக்கில் கம்பீரமாக வளைந்து நின்றது. ஜிங்க் பிளாக்கை மாற்றப் பணமில்லை என்பது ஒரு காரணம். மாற்ற மனமில்லை என்பதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

5

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. ஈயம் போயிற்று, ஆஃப்செட் வந்தது, கணினியில் கோப்பது வந்தது. இணையத்தின் ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு குறிமுறை, தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒருவர் எழுத்துரு இன்னொருவர் கணினியில் இல்லையென்றால் தமிழ் புரியாத குறிகளின் மந்தையாக விழும். ஆவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து, ஒரு கவிதைப் பக்கத்தைத் திறந்துவிட்டு, அந்த மந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு சில குறிமுறைகளைத் தரப்படுத்தியது. அதற்கு முன்பே 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 1991-லேயே வெளியான யுனிகோடு மெல்லப் பரவி, 2010-ல் தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது.

யுனிகோடு செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தம்பி மகள் விளக்கியபோதுதான் என் லைக்கு நேர்ந்தது புரிந்தது. லகரத்துக்கு ஓர் எண். ஐகாரக் குறிக்கு ஓர் எண். கணினி சேமித்து வைப்பது இந்த இரண்டு எண்களை மட்டுமே. இவை அடுத்தடுத்து வந்தால் கண்ணுக்கு எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் பொறுப்பு. துதிக்கை வளைந்த லையும் இரட்டைச் சுழி முன்னால் நிற்கும் லையும் அதற்கு ஒரே எழுத்து. இலக்கணப்படி அது சரி. தொல்காப்பியருக்கும் அது ஒரே எழுத்துதான்.

2019-ல் யுனிகோடு தமிழுக்குத் துணைத் தொகுதி ஒன்றைச் சேர்த்தது. முந்திரி, காணி முதலான பழைய பின்னங்கள், அளவைக் குறிகள் என்று 51 குறிகள். கணக்குப்பிள்ளைகளோடு மறைந்துபோன முந்திரிக்கு எண் கிடைத்துவிட்டது. அச்சுப் புத்தகங்களில் கோடிக்கணக்கான தடவை வந்த பழைய லைக்குத் தனி எண் இல்லை. கிடைக்கவும் நியாயமில்லை, ஏனென்றால் அது வேறு எழுத்தல்ல, அதே எழுத்தின் வேறு முகம். முகத்துக்கு எண் கிடையாது.

விளைவு என்ன? 1950-ல் அச்சான ஒரு கவிதைத் தொகுப்பைத் தட்டச்சு செய்து வலையேற்றினால், அது பிறக்கும்போதே சீர்திருத்த எழுத்தில் பிறந்ததுபோல் திரையில் நிற்கும். 1978-ன் ஆணை இனி அச்சாகப் போகிறவற்றுக்குத்தான் பொருந்தியது; ஏற்கெனவே அச்சான தாளை அதனால் தொட முடியவில்லை. எழுத்துரு அதைத் தொட்டுவிட்டது, யாருடைய ஆணையும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல்.

பழைய எழுத்துக்காக இரங்குகிறவன் பேச்சு இது என்று வாசகன் நினைத்தால், இன்னொன்றை யோசிக்கட்டும். 1934-ன் ‘குடி அரசு’ப் பக்கம் ஒன்றையும் 1935-ன் பக்கம் ஒன்றையும் தட்டச்சு செய்து திரையில் அருகருகே வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பெரியார் எதை மாற்றினார் என்பதற்கு அங்கே தடயமே இல்லை. பழமை மட்டும் இங்கே அழியவில்லை; சீர்திருத்தமும் சேர்ந்து அழிகிறது. எதை எதிர்த்து வந்தது என்பது மறைந்துபோன சீர்திருத்தம் வெறும் வழக்கமாகிவிடுகிறது. ஏழாவது இதழில் கேலி எழுதியவன் இன்று இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் இதுதான்.

6

அன்று மாலை முழுக்க எழுத்துருக்களைப் பார்த்தோம். இலவசமாகவே இத்தனை கிடைக்கின்றன என்பது எனக்கு ஆச்சரியம். விண்டோஸ் 2000-த்தோடு வந்த லதா, என்னைப் போன்றவர்கள் திரையில் முதன்முதலாகச் சரளமாகத் தமிழ் வாசித்த எழுத்து. முத்து நெடுமாறன் வடிவமைத்து ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன். மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது கனங்கள். ஏக் டைப் குழுவின் முக்த மலர், கடைப் பலகையின் சாயல் உள்ள பாலு தம்பி. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், சாய்ந்த கையெழுத்துப் போன்ற கவிவனார். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் வெளியிட்ட மீரா இனிமை. நோட்டோ. இவற்றில் சில, தமிழ் எழுத்தை எழுத்தாகவே நினைத்துப் பார்த்தவர்கள் செய்தவை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் தொல்லை எழுத்துருவில் மட்டும் இல்லை. அது உட்காரும் பட்டையில் இருக்கிறது. அந்தப் பட்டை ஆங்கிலத்துக்கென்று அளந்து தைத்த சட்டை. அவள் எடுத்துக்கொண்ட தயார்நிலை வடிவத்தில் பெயரைப் போட்டபோது கி-யின் மேல்வளைவு வெட்டுப்பட்டது. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்குப் போதாது. நமக்கு மேலே விசிறி விரிகிறது, கீழே உகர ஊகாரக் கால்கள் இறங்குகின்றன. நாகரிகமாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கு நடுவே அந்த வடிவம் இடைவெளி விட்டிருந்தது. அதில் கொம்பு தன் மெய்யைவிட்டு விலகி அநாதையாக நின்றது. தடித்த எழுத்தை வைத்தால் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டன. தமிழுக்குச் சாய்வெழுத்து வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்காமலேயே நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்திருந்தது. எழுத்துருக் கோப்பின் எடை கூடினால் பக்கம் திறக்கத் தாமதமாகும் என்று வேறு அவள் கவலைப்பட்டாள். எனக்குத் தரங்கம்பாடியின் காகிதம் ஞாபகம் வந்தது. முன்னூறு வருஷத்துக்குப் பிறகும் தமிழ் எழுத்து இன்னும் சரக்குக் கட்டணத்தோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

வரி உயரத்தைக் கூட்டினோம். இடைவெளியை எடுத்தோம். சாய்வை நீக்கினோம். உள்ளே வரும் கட்டுரைகளுக்கும் கவிதைகளுக்கும் முக்த மலர் என்று முடிவாயிற்று. சுழிகள் திறந்து, சிறிய அளவிலும் கண் தடுமாறாமல் இருந்தது அது.

7

முகப்பு மட்டும் மிச்சம். பழைய வடிவங்களையும் வரைந்து சேர்த்து ஓர் எழுத்துருவைத் தானே பழுதுபார்க்க முடியும் என்றாள் அவள். தொழில்நுட்ப ரீதியில் அது முடியக்கூடிய காரியம்தான். அதை வைத்தால் தளம் முழுவதுமே ஒரே சொடுக்கில் பழைய எழுத்துக்கு மாறிவிடும். அதுவும் வேண்டாமென்றேன். எட்டு இதழ்களில் பின் மூன்றில் இரண்டு லையும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் பழையதாக்குவது, எல்லாவற்றையும் புதியதாக்குவது போன்ற அதே பொய். நேற்று தட்டச்சு செய்த முன்னுரைக்குத் துதிக்கை மாட்டுவது மாறுவேஷம்.

கடைசியில் இப்படிச் செய்தோம். முதல் இதழின் அட்டையிலிருந்து முகப்பெழுத்தை ஸ்கேன் செய்து படமாகவே வைத்தோம். படத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், கணினி படிக்கும்படியாகப் பெயர் யுனிகோடில் இருக்கிறது. தேடுகிறவன் புதிய லையைத் தட்டுவான். வந்து சேர்ந்ததும் பழைய லையைப் பார்ப்பான். தட்டச்சு செய்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கத்தில் அச்சுப் பக்கத்தின் படமும் இருக்கும். வேலை இரண்டு மடங்கு. தட்டச்சுப் பக்கம் வாசிக்க, அச்சுப் பக்கம் சாட்சிக்கு.

வலையேற்றும் நூல்களுக்கெல்லாம் இந்தச் சாட்சியைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. பழைய நூலைத் தட்டச்சு செய்கிறவர்கள், மூலம் எந்த எழுத்தில் இருந்தது என்று ஒரு வரியாவது முன்னால் எழுதலாம். ஒரு சொல்லை மாற்றினால் பதிப்பாசிரியன் அடிக்குறிப்பு போடுகிறான். நாலு எழுத்தின் முகம் புத்தகம் முழுக்க மாறுகிறபோது யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

படத்தைச் சுத்தப்படுத்தும்போது அவள் கேட்டாள்: “பெரியப்பா, லை மேல ஒரு இடத்துல கோடு விட்டுப்போயிருக்கு. சரி பண்ணிடவா?” பார்த்தேன். துதிக்கையின் வளைவில் ஒரு மயிரிழை இடைவெளி. பிளாக்கில் ஏற்பட்ட கீறல் அது. இரண்டாவது இதழ் அச்சாகும்போது விழுந்தது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். முதல் இதழிலேயே இருக்கிறது. பலகை எழுதியவரின் தூரிகை அந்த இடத்தில் மை தீர்ந்து, மறுபடி தொட்டு எழுதியிருக்க வேண்டும்.

“வேண்டாம்மா, இருக்கட்டும்” என்றேன்.